மீனுக்குக் கடற்பாசி காய்ச்சுகிறவர்

குசினி வாசலில் நின்றுகொண்டு முத்தலிப் நானா சட்டியை இரண்டு கையாலும் நீட்டுகிறார். சட்டியில் அன்று விடியற்காலை படகு ஜெட்டியடியில் வாங்கிய சூடை மீன், கழுவியது, இன்னும் வெட்டாதது. மேலே ஒரு பிடி இறால் தலை. உம்மு குல்சும் அடுப்படியிலிருந்து எழும்பி வருகிறார். முக்காட்டின் ஓரத்தைக் காதுக்குப் பின்னால் ஒதுக்குகிறார். முகம் சட்டிக்குள் விழுந்துவிடுமோ என்று பார்ப்பவர் பயப்படும் அளவுக்குக் குனிந்து மணந்து பார்க்கிறார். பிறகு தலையை மேலும் கீழும் ஆட்டிவிட்டு ரொட்டியிடம் திரும்பிப் போய்விடுகிறார். தலை இடமும் வலமுமாக ஆடியிருந்தால் சட்டியில் உள்ளது முழுவதும் காகத்துக்கு. மேன்முறையீடு கிடையாது.

இவ்வளவுக்கும் ஒரு சொல் பிறப்பதில்லை. நோன்புப் பெருநாள் தொட்டு இந்தக் கணவனுக்கும் மனைவிக்கும் இடையே பேச்சுவார்த்தை இல்லை. நாட்டில் எத்தனையோ பேச்சுவார்த்தைகள் முறிந்திருக்கின்றன. முறிந்த பிறகும் நாள் தவறாமல் காலையில் கூடுகிற இரண்டு தரப்பை நான் இந்த வீட்டில்தான் கண்டேன்.

ரொட்டி ஒரு பக்கம் கருகியிருக்கும். முத்தலிப் நானா அதைக் கோபத்தின் நிறமென்று எடுத்துக்கொண்டு மறுபேச்சில்லாமல் சாப்பிடுவார். சாப்பிடுவதென்ன, மெல்லுவார். கொரோனாக் காய்ச்சல் அவரை விட்டுப் போகும்போது மணம் பிடிக்கும் சக்தியையும் கையோடு கொண்டுபோய்விட்டது. ஊரில் மற்றவர்களுக்குக் கொஞ்ச நாளில் திரும்பி வந்தது. இவருக்கு வரவில்லை. “மூக்கு இரிக்கு தம்பி. கண்ணாடி போடுறத்துக்கு” என்பார். உறைப்பு மட்டும் இன்னும் தெரிகிறதாம். “அது ருசியில்ல. அது அடி.”

மணம் இல்லாத திருகோணமலையை யாருக்காவது இனாமாகக் கொடுத்தால் வாங்க ஆள் உண்டு. ஜமாலியாவில் இவர் வீட்டு ஒழுங்கையில் நின்றால் கருவாடு, படகு எண்ணெய், பாசி பிடித்த கயிறு, மழைக்குப் பிறகென்றால் சாக்கடைக் கான் தண்ணீர் என்று வரிசையாக மூக்கில் ஏறும். நானாவுக்கு இவை எதுவும் இல்லை. “கடல் இப்ப படம் மாதிரி. பாக்கலாம். கிட்டப் போனாலும் படம்தான்.” வெள்ளிக்கிழமைகளில் அத்தர் பூசுவார். எவ்வளவு பூசினோம் என்பது அவருக்குத் தெரியாது; ஆகவே தாராளமாகப் பூசுவார். பள்ளிவாசலில் அவருக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டுத்தான் சனம் நிற்கும். தன் வயதுக்குக் கிடைக்கிற மரியாதை என்று அவர் நம்புகிறார். நான் திருத்தவில்லை. மரியாதை கிடைக்கிற வழிகள் நாட்டில் குறைந்துகொண்டு வருகின்றன.

இந்த மூக்குக் கதை வெளியே தெரிந்தால் அவருடைய பிழைப்பு அன்றோடு சரி. ஆகவே பெயர்களையும் ஒழுங்கையையும் மாற்றித்தான் எழுதுகிறேன். மூக்கை மட்டும் மாற்றவில்லை.

ஒரு காலத்தில் அவர் கல்யாண வீட்டுச் சமையல்காரர். கிண்ணியா, மூதூர், தோப்பூர் என்று எங்கே நிக்காஹ் நடந்தாலும் பலர் ஒரே தட்டைச் சுற்றியிருந்து உண்ணும் சகன் சோறு இவர் கையால். அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெற்றிலை போடுவாராம். போட்டபடியே, “மூண்டாவது சட்டி அடிப்பிடிக்கப் போகுது, கொள்ளிய இழுங்க!” என்று கத்துவாராம். சட்டியைத் திறந்து பார்த்தால் அடியில் சிவப்பு அப்போதுதான் தொடங்கியிருக்கும். நெய்யில் ரம்பை இலை விழுந்த மணத்தை வைத்தே அரிசி எந்தப் பதத்தில் வேகும் என்று சொல்லிவிடுவாராம். அப்படிப்பட்ட மனிதர் காய்ச்சலுக்குப் பிறகு ஒரு கல்யாணத்தில் தீய்ந்த சோற்றைச் சகனில் ஏற்றி, மேலே பொரித்த கோழியை அழகாக அடுக்கி அனுப்பிவிட்டார். சனம் மரியாதைக்குச் சாப்பிட்டது. பிறகு மரியாதையாகவே இவரைக் கூப்பிடாமல் விட்டது. “முத்தலிப் நானாட கையில பறக்கத்துப் போயிட்டு” என்றார்கள். கை குற்றமற்றது என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை. சமையல்காரனுக்குக் கைராசி போவது விதி. மூக்குப் போனது என்றால் ஊனம். விதியோடு ஊரில் நடமாடலாம்.

அதற்குப் பிறகுதான் மீனுக்குச் சமைக்கப் போனார்.

மீனைச் சமைப்பதில்லை, மீனுக்குச் சமைப்பது. கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற வண்ணமீன்களுக்கு. டொலர் இல்லாமல் நாடு வரிசையில் நின்ற காலத்தில் கப்பலில் வருகிற மீன் தீனியும் நின்றுபோனது. பால்மாவுக்கு மனிதர் நின்றார்கள், மீனுக்கு நிற்க வரிசையும் இல்லை. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் பற்றிக், யாரோ சொல்லக் கேட்டு இவரிடம் வந்தான். “நானா, நீங்கள் பெருநாளைக்குக் காய்ச்சி உறைய வைப்பீங்களே கடற்பாசி, அதுக்குள்ள மீனையும் மரக்கறியையும் அரைச்சுப் போட்டுத் தர ஏலுமே?” நானா சிரிக்கவில்லையாம். “சீனி போடவா வேணாமா?” என்று மட்டும் கேட்டாராம்.

அன்று தொடங்கியது. மீன் தொழிலுக்கு அவர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: “மீன் எந்த நேரமும் வாயத் துறந்து துறந்து மூடும். ஒரு குறையும் சொல்லாது.”

செய்முறையை ஒளிக்கமாட்டார். கரட்டும் பட்டாணியும் கீரையும் அவியும். கூட ஒரு பல்லு உள்ளி. “மீனுக்கும் வயித்துக் கோளாறு வரும், வாய்வு மனிசனுக்கு மட்டும் எழுதிக் குடுத்ததா?” சூடையும் இறாலும் முள் நீங்கி பிளெண்டருக்குள் போய்க் களியாக வரும். மற்ற அடுப்பில் கடற்பாசி கொதித்துக் கரைந்து தண்ணீர்போலத் தெளியும். இரண்டையும் உடனே கலந்தால் கெட்டது. கொதி அடங்க வேண்டும். அடங்கினாலும் உறையத் தொடங்கியிருக்கக் கூடாது. அந்த இடைவெளியைச் சுண்டுவிரலால் பிடிப்பார். “புள்ளையக் குளிப்பாட்டுற தண்ணிச் சூடு. மேல போனா விற்றமின் மவுத்து. கீழ போனா கட்டி கட்டியா நிண்டு மூஞ்சக் காட்டும்.”

ஜெலற்றின் போட்டால் வேலை லேசு, விலையும் குறைவு என்று பற்றிக் ஒரு தடவை டப்பாவோடு வந்தான். நானா அதை வாசற்படிக்கு உள்ளே விடவில்லை. அது எந்த மிருகத்தின் எலும்போ தோலோ, யார் கண்டது?

“மீனுக்கும் ஹலாலே நானா?”

“மீன் கேக்காது. தொடுறது நான்.”

ஊற்றியதைக் காப்பதில்தான் அவருடைய கண்டிப்பெல்லாம். பொலித்தீன் பைக்குள் ஊற்றி, காற்றை உள்ளங்கையால் தடவித் தடவி வெளியே தள்ளி, பள்ளிப் பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பித் தடிப்பில் பைகளைப் படுக்கவைப்பார். பாதி உறைந்ததும் கத்தி முதுகால் குறுக்கும் நெடுக்கும் கோடு. பிறகு வேண்டியதைச் சொக்லட் போல முறித்துத் தொட்டியில் போடலாம். பைகள் டீப் பிரீசருக்குள் புத்தகம்போல நிமிர்ந்து நிற்கும். பழையது முன்னுக்கு, புதியது பின்னுக்கு. வாங்க வருகிறவர்களுக்கு ஒரு சிறு பிரசங்கம் உண்டு. என் தொட்டியில் உள்ள குப்பி மீன்களுக்காக நானும் பல தடவை கேட்டிருக்கிறேன். “வேண்டியத மட்டும் முறிக்கணும். உருகினதத் திரும்ப உறைய வைக்கப்படாது. உருகி உறைஞ்சது மையத்து. பாத்தா நித்திர மாதிரித்தான் இரிக்கும்.”

முந்தி அவர் பைக்குள் ஊற்றியவரில்லை. கல்யாண வீட்டுப் பழக்கத்தில் தட்டத்தில் ஊற்றி, டயமண்ட் வெட்டு வெட்டி, விளிம்பைக்கூட நேராக்கித்தான் வைப்பார். அந்த அழகுதான் நோன்புப் பெருநாளில் குடும்பத்தின் தலையில் இடியாக விழுந்தது.

குல்சுமின் தங்கச்சி மகளைப் பெண் கேட்டவர்கள் பெருநாள் பார்க்க வந்திருந்தார்கள். பிரிட்ஜுக்குள் இரண்டு தட்டம். ஒன்றில் தேங்காய்ப்பால் விட்ட பச்சைக் கடற்பாசி. மற்றதில் கீரை கூடிய மீன் கடற்பாசி. தட்டத்தை எடுத்துக் கொடுத்தவர் முத்தலிப் நானா. துண்டுகளைப் பீங்கானில் அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கஜுப் பருப்பை நட்டு, முன் அறைக்குக் கொண்டுபோய் நீட்டியவர் குல்சும். மாப்பிள்ளையின் தாய் ஒரு கடியோடு முந்தானைக்குள் ஒதுங்கிவிட்டார். மாப்பிள்ளையின் பெரியவாப்பா மானம் மரியாதை தெரிந்த மனிதர். முழுத் துண்டையும் விழுங்கிவிட்டு, கண் கலங்க, “ஒங்கட பக்கம் கடற்பாசிக்கு இறாலும் போடுறதோ?” என்று மட்டும் கேட்டார். கல்யாணம் பிறகு நடந்துவிட்டது. ஆனால் அந்தக் குடும்பம் எங்கே போனாலும் இனிப்பை முதலில் வேறு யாராவது சாப்பிடட்டும் என்று காத்திருப்பதாகக் கேள்வி.

வந்தவர்கள் படலை தாண்டியதும் குல்சும் வெடித்தார். “ஒங்கட மூக்குத்தான் மவுத்தாப் போச்சே! கண்ணாலயாவது பாக்கப்படாதா? என்ட குடும்பத்துக்கு மீன் தீனி தீத்திப்போட்டீங்களே!” அதுதான் அவர் கணவரிடம் நேராகச் சொன்ன கடைசி வசனம். மறுநாள் தொட்டு டீப் பிரீசரோடு பேசத் தொடங்கினார்.

“பிரீசர், கேக்குதா? அரிசி முடிஞ்சி. ஆராவது கடப்பக்கம் போனா வாங்கி வரட்டும்.”

முத்தலிப் நானாவும் பிரீசரைப் பார்த்தே பதில் சொல்வார். “சம்பாவோ நாட்டரிசியோ எண்டு கேட்டுச் சொல்லு.”

பிரீசர் உறுமும். நடுநிலைக்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் காலைச் சட்டி மட்டும் நிற்கவில்லை. பேச்சு நின்ற மறுநாளும் அவர் சட்டியோடு வாசலில் போய் நின்றார். குல்சும் எழும்பி வந்து குனிந்தார். “அவ கோபம் என்னோட. மூக்கு என்னோட கோபிக்கல்ல” என்று நானா என்னிடம் சொன்னபோது குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மீனின் கண்ணைப் பார்த்து வாங்கினால் போதாதா என்று கேட்டேன். “ஐஸ் மீன் முழிச்சிக்கொண்டே பொய் சொல்லும் தம்பி. மணம்தான் சத்தியம். அது என்னட்ட இல்ல. குல்சும்ட இரிக்கு. அவ இல்லையெண்டா நான் நாளைக்கே கடையப் பூட்டணும்.” பூட்டுவதற்குக் கடை இல்லை, ஒரு பிரீசர்தான். இருந்தாலும் சொன்னதில் பொய்யில்லை. பற்றிக் ஒருவன்தான் தொகையாக வாங்குகிறவன். மற்றவர்கள் என்னைப்போன்ற சில்லறை.

போன மாதம் கிண்ணியாவில் ஒரு மையத்து. நெருங்கிய சொந்தம். இருவரும் பேசாமல் பஸ் ஏறி, பேசாமல் பாலம் கடந்து, ஏழாம் நாள் கத்தம் ஓதும்வரை பேசாமல் தங்கி, பேசாமலே திரும்பி வந்தார்கள். வீட்டையும் கோழிகளையும் பக்கத்து வீட்டு அஸ்மியா பார்த்துக்கொண்டாள். இரவு வந்து பார்த்தபோது கோழிகள் சுகம். பிரீசர் உறுமிக்கொண்டிருந்தது. பைகள் வைத்த மாதிரியே கல்லாக நின்றன. முன்வரிசையிலிருந்து பற்றிக்குக் கொடுத்தனுப்பினார்.

அதற்கு அடுத்த கிழமை ஒரு பகல்வேளை. நான் என் மீன்களுக்கு ஒரு பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நிற்கிறேன். பற்றிக் மோட்டார்சைக்கிளை ஒழுங்கையிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தான். கையில் ஒரு பை, அதற்கு மேல் இன்னொரு பை, அதற்கு மேலும் ஒன்று. உடம்பிலிருந்து எட்டத் தூக்கிப் பிடித்திருந்தான்.

“நானா, இஞ்ச வாங்கோ. நான் சத்தம் போட வரேல்ல.”

சத்தம் போடுகிறவனைவிட இப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவனுக்குத்தான் பயப்பட வேண்டும். நானா கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு போனார்.

“மூப்பர் செத்துப்போச்சு.”

மூப்பர் என்பது பற்றிக்கின் கடை வாசல் தொட்டியில் இருந்த பெரிய ஒஸ்கார் மீன். மாதா கோயில் மூப்பர்போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரைக் கணக்கெடுக்கும். அதனால் அந்தப் பெயர். விற்பனைக்கில்லை. முத்தலிப் நானா கடைக்குப் போனால் அவர் விரலிலிருந்தே வாங்கித் தின்னும்.

“மூப்பரா? நேத்து முந்தநாள்கூட…”

“மூப்பர் மட்டுமெண்டா ஏதோ நோய் வருத்தம் எண்டு விட்டிருப்பன். நாலு தொட்டியும் மிதக்குது நானா. அது வருத்தமில்ல. சாப்பாடு.” பற்றிக் பைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். “இந்தாங்கோ. நீங்கள் தந்ததுதான். உருகினாப்போல பாத்தனான். மணந்து பாருங்கோ.”

அவிழ்ந்ததும் நான் மதிலோடு ஒட்டிக்கொண்டேன். படலைக்கு வெளியே காகிதம் தின்றுகொண்டிருந்த ஆடு தின்பதை நிறுத்திவிட்டு எழும்பிப் போனது.

முத்தலிப் நானா பையை இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணை மூடினார். கல்யாண வீட்டில் சட்டி திறக்கும்போது இப்படித்தான் நின்றிருப்பார் போலும். மூக்குத் தோயும் அளவுக்குக் கிட்டக் கொண்டுபோய் நெஞ்சு நிறைய இழுத்தார்.

“ஒண்டும் தெரியல்லையே தம்பி. நல்ல இறால் மணம்.”

பற்றிக் அவருடைய முகத்தில் பகிடியைத் தேடினான். கிடைக்கவில்லை. கோபத்தோடு வந்தவனின் முகத்தில் கோபம் இறங்கி, அந்த இடத்தில் பயம் ஏறுவதை நான் பார்த்தேன்.

“நானா… பகிடி விடாதேங்கோ.”

“ஒனக்கு நம்பிக்கை இல்லையெண்டா…” நானா திரும்பினார். அவரிடம் இனி இருந்தது ஒரே ஒரு துருப்பு. “குல்சும்! இஞ்ச வா புள்ள. இத ஒருக்கா மணந்து சொல்லு.”

பெருநாளுக்குப் பிறகு அவர் அந்தப் பெயரைக் கூப்பிட்டது அப்போதுதான். குல்சும் குசினி வாசலுக்கு வந்தார். நானா வழக்கம்போல நீட்டினார். ஆனால் சட்டி இல்லை, செவுள் இல்லை, கண் இல்லை. பச்சையும் மண்ணிறமுமாய் ஒரு களி. குல்சும் குனிந்தார். குனிந்தவர் நிமிர நெடுநேரமானது. நிமிர்ந்து பையைப் பார்க்கவில்லை. புருசனுடைய முகத்தைப் பார்த்தார். அந்த முகம் எதைக் கேட்கிறது என்று படிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

“நல்லாத்தானே இரிக்கு” என்றார்.

“ராத்தா!” என்றான் பற்றிக். அதற்கு மேல் அவனால் ஏலவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு கான் கரைக்கு ஓடினான்.

அவன் வாந்தியெடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கணவனும் மனைவியும் பையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர்.

“ஒனக்குமா?” என்றார் நானா.

“ஓம்.”

“எப்ப தொட்டு?”

“ஒங்களோடதான். அதே காய்ச்சல்ல.”

“அப்ப காலையில காலையில குனிஞ்சி பாத்தது?”

“செவுளப் பாத்தன். கண்ணப் பாத்தன். விரலால அமத்திப் பாக்க ஏலாதே, நீங்க எதிர்ல நிக்கிறீங்க.”

“வேணாமெண்டு தலையாட்டுவியே?”

“இடைக்கிடை வேணாமெண்டு சொல்லாட்டி நம்புவீங்களா?”

முத்தலிப் நானா மதில் மேலே பார்த்தார். அங்கே எந்நேரமும் இரண்டு மூன்று காகம் இருக்கும். ஜமாலியாவில் காகங்கள் இப்படிக் கொழுத்திருப்பதன் காரணம் எனக்கும் அப்போதுதான் விளங்கியது.

“ஏன் புள்ள சொல்லல்ல?”

குல்சும் சட்டையில் இல்லாத தூசியொன்றைத் தட்டினார். “முதல்ல ஒங்களுக்குத்தான் போச்சி. நீங்க கல்யாண வீட்டால வந்து, தீஞ்ச சோத்துக் கதயச் சொல்லி, சுவரப் பாத்துக்கொண்டு கிடந்தீங்க. எனக்கும் போயிட்டெண்டு அண்டைக்கு எப்பிடிச் சொல்ற? பிறகு சட்டியத் தூக்கிக்கொண்டு வந்து நிண்டீங்க. அதுக்கு முந்தி ஒரு நாளும் குசினிப் பக்கம் வந்து என்னட்ட ஒண்டு கேட்டவரில்ல நீங்க. கேட்டீங்க. மூக்கு இல்லையெண்டு சொன்னா, பிறகு எதுக்கு வருவீங்க?”

நான் கேட்டிருக்கக்கூடாத பேச்சு. காதைப் பொத்துவதா மூக்கைப் பொத்துவதா என்று தெரியாமல், கையைக் குளிரவைத்துக்கொண்டிருந்த பையைப் பார்த்தபடி நின்றேன்.

பற்றிக் குழாயடியில் வாய் கொப்பளித்துவிட்டு வந்தான்.

“நானா, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். மாதா சத்தியமா.”

“அது தெரியும் தம்பி. அப்ப அடுத்த கிழமைக்கு…”

“இல்ல நானா.”

“இனி ரெண்டு பேரும் சேந்து கண்ணால பாத்து, அமத்திப் பாத்து…”

“இல்ல நானா.” குரல் தாழ்ந்திருந்தது. “நீங்கள் நல்லாச் செய்து தந்தனீங்கள். மூப்பர் வேற ஒருத்தற்ற கையாலயும் தின்னேல்ல. ஆனா இனி ஏலாது.”

அவன் போன பிறகு மோட்டார்சைக்கிள் உடனே கிளம்பவில்லை. உதைத்து உதைத்துப் பார்த்தான். அது கிளம்பிப் போன பிறகுதான் நானா என் பக்கம் திரும்பி, என் கையிலிருந்த பையை எடுத்துக்கொண்டார்.

பிரீசரைக் காலியாக்கினார்கள். எது கெட்டது, எது கெடாதது என்று பிரிக்க அந்த வீட்டில் ஆளில்லை. என்னைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, நானும் என் மூக்கைக் கொடுக்க முன்வரவில்லை. எல்லாம் கல்லாய் உறைந்திருந்ததால் என் மூக்குக்கும் அங்கே பெரிதாக வேலையில்லை என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். முன்வரிசை, பின்வரிசை, நேற்று ஊற்றியது எல்லாவற்றையும் குல்சும் எடுத்து எடுத்துக் கொடுக்க, நானா உரப்பைக்குள் போட்டார். பற்றிக் விட்டுப்போன உருகிய பையும் மேலே போனது. இரண்டு உரப்பை நிறைந்தது. ஒழுங்கைக்கு அப்பால் வெறும் வளவில் கிடங்கு வெட்டித் தாட்பதாகத் திட்டம். ஆளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு படலையைத் திறந்தார்கள்.

வெளியே அஸ்மியா நின்றாள். முக்காட்டுத் துணியை மூக்கோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு வீட்டுப் படலைகள் திறந்திருந்தன.

“என்ன மாமி இது, இப்பிடி நாறுது? போன கிழமையும் லேசா வந்திச்சி. நான் துறைமுகப் பக்கம் எண்டு நினைச்சன்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். “நீங்க கிண்ணியாவுல நிக்கக்குள்ள ஒங்கட மெயின் சுவிச்சும் விழுந்து கிடந்திச்சி தெரியுமா? எத்தின நாளோ! நீங்க வாற அண்டு காலையிலதான் கண்டன். நான்தான் தும்புத்தடியால தட்டிவிட்டன்.”

நன்றியை எதிர்பார்த்து நின்ற முகம். முத்தலிப் நானா அதை ஏமாற்றவில்லை.

“அல்லாஹ் ஒனக்கு நல்லது செய்வான் மகள்.”

“அது கிடக்கட்டும் மாமா.” அவள் மூக்கை இன்னும் இறுக்கிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “நாங்க இந்தத் தூரத்தில நிண்டே சாகிறம். நீங்க ரெண்டு பேரும் எப்பிடித்தான் தாங்குறீங்க?”

திறந்திருந்த படலைகளிலும் அதே கேள்வி நின்றது. முத்தலிப் நானாவின் இரண்டு கையும் உரப்பையின் வாயைப் பிடித்திருந்தன.

குல்சும் தன் பையை நிலத்தில் வைத்தார். முக்காட்டின் ஓரத்தை இழுத்துத் தன் மூக்கை மூடி, பல்லால் கடித்துக்கொண்டார். பிறகு கணவருடைய தோளில் கிடந்த துவாயை எடுத்து, இரண்டாக மடித்து, அவர் மூக்கின் மேல் வைத்துப் பொத்திப் பிடித்துக்கொண்டார்.